வயிற்றில் பிள்ளை, மடியில் வயர் கூடை

வயர் கூடை பின்னுகிற தொழிலில் முதல் குறைவு, லாபம் அதைவிடக் குறைவு, அறிவுரை மட்டும் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். அதிலும் பின்னுகிறவள் வாயும் வயிறுமாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கூடை கேட்டு ஒருவர் வந்தால் புத்தி சொல்லப் பத்துப் பேர் வருவார்கள். மாசமாக இருக்கும்போது தையல் மெஷின் மிதித்தவர்கள், பலகாரம் சுட்டு விற்றவர்கள், பால் வாளி தூக்கினவர்கள் எல்லாரும் இதைப் படிக்கும்போது தலையாட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் பட்டதைத்தான் நானும் பட்டேன், கூடவே கொஞ்சம் பிளாஸ்டிக் வாசத்தோடு.

எண்பதுகளில் மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில், இருந்தோம். வீட்டுக்காரர் தோட்டத்து லோரி ஓட்டினார். நான் ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கப் போகவில்லை. கல்யாணத்துக்கு முன்பே கூடை பின்னப் பழகியிருந்தேன், அதையே பிழைப்பாக்கிக்கொண்டேன். மார்க்கெட் கூடை, சாப்பாட்டுக் கூடை, போத்தல் கூடை என்று அப்போது எல்லார் கையிலும் வயர் கூடைதான். வயர் கூடை என்றால் முழுக்க முழுக்க முடிச்சு. பிளாஸ்டிக் வயரை மடித்து, ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து, இழுத்து முடிச்சாக்கி, அடியிலிருந்து மேலே ஏற்றிக்கொண்டே போக வேண்டும். மாசமாக இருக்கிறவள் முடிச்சு போடக்கூடாது, போட்டால் தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும் என்று தோட்டத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. என் தொழிலும் என் வயிறும் முட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான்.

எந்த மாசத்துக் கூடை?

முதல் பிள்ளையை எட்டாம் மாசத்தில் இழந்தேன். ஆண் பிள்ளை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரேசர் வந்து பார்த்தபோது உயிர் இல்லை. "கொடி சுத்தியிருக்கு" என்று அவர் என் வீட்டுக்காரரிடம் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் லயத்தில் ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் நூறு ஆயுசு என்பார்கள். மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் கூடும்போதே தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. சரசு கூடை பின்னினாள், பிள்ளை கழுத்தில் கொடி சுற்றிவிட்டது. ஒருவரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சொல்லாததால், என் கையைப் பார்த்து நானே கேட்டுக்கொள்ள ஆரம்பித்தேன், இந்தக் கைதானா, இந்தக் கைதானா என்று.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் கடைசி லயத்து அஞ்சலையம்மாவும் ஒருவர். என்னிடம் வாங்கிய பச்சைக் கூடையோடு வந்தார். பழம் ஏதோ கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். காலிக் கூடை. என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், பொய் அழுகை இல்லை, மனசாரத்தான் அழுதார். முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கூடையை மெல்ல என் பக்கம் நகர்த்தினார்.

"தப்பா நெனச்சுக்காத சரசு. என் மருமவளும் இப்ப முழுவாம இருக்கா. இது நீ மாசமா இருக்கறப்ப போட்டதா, அதுக்கு முந்தியே போட்டதா?"

வாசம் போன வயர்

இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் நாள் தள்ளிப்போனது. வீட்டுக்காரரையும் என் மாமியாரையும் தவிர ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். நாங்கள் மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம், வயர் காட்டிக்கொடுத்துவிட்டது. புது வயர்க் கட்டைப் பிரித்தால் ஒரு நெடி வரும். மற்ற நாளில் அது எனக்குத் தொழில் வாசம், மசக்கையில் அதை நினைத்தாலே குடல் புரண்டது.

டவுனில் ஒரு பாய் கடையில்தான் வயர் வாங்குவேன். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். பின்னிய கூடைகளை அவரே கடை முகப்பில் தொங்கவிட்டு விற்றும் கொடுப்பார். அன்று அவர் புதுக் கட்டை எடுத்து என் முன்னால் பிரித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். திரும்பி வந்தபோது ஒரு முக்காலியும் ஒரு கிளாஸ் தண்ணீரும் தயாராக இருந்தன.  பாய் பரணில் கைவிட்டுத் துழாவி, வெளுத்துப்போன ரோஸ் வயர்க் கட்டு ஒன்றைத் தூசியோடு இறக்கி வைத்தார். முகர்ந்து பார்த்தேன், ஒரு வாசமும் இல்லை. நம் கஷ்டம் புரிந்த மனுஷர் ஒருவராவது இருக்கிறாரே என்று கண் கலங்கிவிட்டது.

"வெயில்ல கெடந்து வாசம் போன வயரு தங்கச்சி, ஒருத்தனும் சீண்டல. இத எடுத்துக்கிட்டா ஒனக்கு வாந்தி நிக்கும், எனக்குப் பரணு காலியாவும் லா."

மிஸ்ஸி சொன்ன விளக்கம்

நான்காம் மாசம் ஆஸ்பத்திரிக்குப் பதியப் போனேன். புதிதாக ஒரு மிஸ்ஸி வந்திருந்தாள். நர்ஸை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ரவாங் பக்கத்துப் பெண், சின்ன வயசு, நன்றாகப் படித்தவள். இரண்டு வருஷமாக யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்ததை அவளிடம் கேட்டுவிட்டேன். நான் போட்ட முடிச்சுதான் என் பிள்ளை கழுத்தைச் சுற்றியதா?

அவள் சிரிக்கவில்லை. வயிறு அளக்கிற டேப்பை எடுத்துத் தன் விரலில் சுற்றிக் காட்டினாள். கொடி நீளமானது, பிள்ளை உள்ளே புரளும்போது தானாகச் சுற்றிக்கொள்ளும், தானாகவே விலகவும் செய்யும், வெளியே இருக்கிற கைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று பொறுமையாகச் சொன்னாள். அவள் காலில் விழலாம்போல இருந்தது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் பாதி இறங்கிவிட்டது. கிளம்பும்போது என் கையிலிருந்த கூடையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாப்பாடு கொண்டுவர அதேபோல் ஒன்று வேண்டும் என்றாள். அடுத்த வாரமே கொண்டுவருகிறேன் என்று சொன்னேன். அவள் முகம் லேசாக மாறியது.

"அவசரமே இல்லக்கா, பிள்ள பொறந்த பெறகே போட்டுக் குடுங்க. எதுக்கு வீணா ரிஸ்க் எடுக்கணும்?"

கிராணியம்மா போட்ட கண்டிஷன்

அத்தை கெட்டவர் இல்லை. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்து, மரம் சீவியே மகனை ஆளாக்கினவர். முதல் பிள்ளை போனபோது என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த முறை மட்டும் சட்டமாகச் சொல்லிவிட்டார். வயரை அளக்கலாம், வெட்டலாம், கலர் சேர்க்கலாம், முடிச்சில் மட்டும் கை வைக்கக்கூடாது. முடிச்சு போடுகிற வேலை பக்கத்து வீட்டுப் பாக்கியத்துக்குப் போனது. அவள் காலையில் மரம் சீவிவிட்டு, மத்தியானத்துக்கு மேல் என்னோடு வந்து உட்காருவாள். தங்கமான மனசு. ஆனால் அவள் போட்ட கூடையைத் தரையில் வைத்தால் ஒரு பக்கம் சாய்ந்து, யாரையோ எட்டிப் பார்ப்பதுபோல நிற்கும்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற பெரிய கிராணியின் சம்சாரம் என் பழைய வாடிக்கை. பாக்கியம் போட்ட கூடையை மேசைமேல் வைத்துப் பார்த்தார். கூடை எட்டிப் பார்த்தது. எடுத்துத் திருப்பி வைத்தார், அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தது. வேலைக்காரப் பெண்ணை உள்ளே போகச் சொல்லிவிட்டு, என் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நீ முடிச்சு போட்டாத்தான் நான் வாங்குவேன் சரசு. ஆனா நீதான் போட்டேன்னு யார்கிட்டயும் மூச்சு விடாதே, பாவம் எனக்கு வந்து சேரும்."

மக்சிக் வைத்த கை

தஞ்சோங் காராங்கிலிருந்து மாதம் ஒருமுறை ஒரு மக்சிக் வருவார். வயதான மலாய்க்கார அம்மா, வாய்க்கால் ஓரத்தில் கடை போட்டு மீனும் காய்கறியும் விற்பவர். மீன் கூடை தண்ணீரில் நனைந்தாலும் அழுகாது என்பதால் என் வயர் கூடைதான் அவருக்கு வேண்டும். இந்த முறை வந்ததும் முதலில் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார். கழுத்தில் துண்டைச் சுற்றிப் போட்டிருந்தாராம். பெண்டாட்டி மாசமாக இருக்கும்போது புருஷன் கழுத்தில் எதையும் சுற்றக்கூடாது என்று மலாயில் பொரிந்து தள்ளினார். அவர்கள் கம்பத்திலும், அதாவது மலாய்க் கிராமத்திலும், இதே கதைதான் போலிருக்கிறது. வீட்டுக்காரர் துண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, திட்டு வாங்கிய பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார்.

என் மடியில் கூடை இருந்தது. வெட்டிய வயரைச் சும்மா அளந்துகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து பிள்ளை உதைத்ததில் கூடை லேசாகக் குதித்தது. மக்சிக் அதைப் பார்த்துவிட்டார். கூடையை நகர்த்திவிட்டு என் வயிற்றில் கையை வைத்தார். மீன் வாசம் அடிக்கிற கை. இன்னொரு உதை. அவருக்கு என் முதல் பிள்ளையைப் பற்றித் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் அந்த ஐந்தாறு மாசத்தில் என் வயிற்றைத் தொட்டதே இல்லை. தெரியாதவராகவே இருக்கட்டும் என்று நானும் சொல்லவில்லை. அவர் சொன்ன அந்த மூன்று சொல்லுக்கு, இந்தப் பிள்ளை ரொம்ப வலுவான பிள்ளை என்று அர்த்தம்.

"குவாட் அனாக் இனி!"

வளையல் சத்தம்

முதல் தடவை வளைகாப்பை ஊரைக் கூட்டிச் செய்தோம். அதனால் இந்தத் தடவை யாருக்கும் சொல்லவில்லை. ஏழாம் மாசத்தில் ஒரு நாள் அத்தை அடுப்படியில் வைத்தே என் கைக்கு வளையல் அடுக்கினார். சந்தனம் பூசினார். பாட்டு இல்லை, சிரிப்பு இல்லை. மூன்று பேரும் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம், ஏதோ துக்க வீட்டில் சாப்பிடுவதுபோல. 

கிராணியம்மா கூடை பாதியில் நின்றிருந்தது. அத்தை கண்ணில் படாமல் வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற மறைப்பில் உட்கார்ந்து, நாளுக்குக் கொஞ்சமாக முடிச்சு போட்டு வந்தேன். மிஸ்ஸி சொன்னதை நம்பித்தான் போட்டேன். முழுசாக நம்பினேனா என்று கேட்காதீர்கள். வளையல் போட்ட மூன்றாம் நாள் நிமிர்ந்து பார்த்தால் அத்தை எதிரே நிற்கிறார். வளையல் காட்டிக்கொடுத்துவிட்டது. பாத்திரம் தேய்த்தால் ஒரு மாதிரி குலுங்கும், வயரை நுழைத்து இழுத்தால் வேறு மாதிரி குலுங்கும். அவருக்குக் காது கூர்மை.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதார். பிழைப்பை விடவும் முடியாது, வயிற்றோடு விளையாடவும் முடியாது என்பது அவருக்கும் தெரியும். லோரிச் சம்பளத்தில் வீடு எப்படி ஓடுகிறது என்பதை என்னைவிட அவர்தான் நன்றாக அறிவார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் மடியிலிருந்த கூடையைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குச் சொல்லிக் குடு. இனிமே அத்தன முடிச்சையும் நானே போடுறேன்."

அத்தையின் கைவேலை

அறுபதை நெருங்குகிற வயதில், கண் மங்கிய பிறகு, அத்தை கூடை பின்னக் கற்றுக்கொண்டார். முதலில் போட்டதெல்லாம் கோணல்மாணல். பாக்கியம் கேலி பண்ணுவாள், அத்தை பதிலுக்கு முறைப்பார். பிறகு கை பழகிவிட்டது. அந்தச் சமயம் பாய் ஒரு பெரிய ஆர்டர் பிடித்துக் கொடுத்தார். சுங்கை சோவில் ஒரு கல்யாணம். வெற்றிலை பாக்கும் பழமும் போட்டு விருந்தாளிகளுக்குக் கொடுக்கச் சின்னச் சின்னக் கூடைகள், மஞ்சளும் சிவப்புமாக, மண்டபம் நிறைய ஆளுக்குப் போதுமான அளவு வேண்டும். அத்தையும் பாக்கியமும் போட்டார்கள், நான் வெட்டிக் கொடுத்தேன், கலர் சேர்த்தேன், வேலை செய்கிற இரண்டு பேருக்கும் கோப்பி கலக்கினேன்.

முடிந்த கூடைகளைக் கம்பியில் கோத்து வீட்டு உத்தரத்தில் வரிசையாகத் தொங்கவிட்டோம். வீடே கல்யாண வீடுபோல இருந்தது. வேலைக்குப் போகிறவர்களெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அத்தை வாசலில் உட்கார்ந்து, வருகிற போகிறவர்களிடம் எது தன் கூடை, எது பாக்கியத்தின் கூடை என்று காட்டிக்கொண்டிருந்தார். அவர் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. பாக்கியத்துக்குத் தாங்கவில்லை.

"ஒங்க அத்தைக்கு இவ்வளவு பெரும கூடாது சரசு, ஆளு கூடைய விட்டுட்டு என்னையத் தொங்கவிட்டுருவாங்க போலருக்கு."

மறுபடியும் அதே சொல்

வலி கண்டதும் தோட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டாம் என்று வீட்டுக்காரர் பெரிய ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போனார். காலையில் போனோம். மத்தியானம் ஆனது, சாயங்காலமும் ஆனது, பிள்ளை வருகிற வழியாக இல்லை. வலி வரும்போதெல்லாம் நான் சாமியைக் கூப்பிடவில்லை. கிராணியம்மா கூடையில் எத்தனை வரிசை நான் போட்டேன், எத்தனை வரிசை அத்தை போட்டார் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். உங்களில் யாராவது ஒருத்திக்காவது இது புரியும்.

கடைசியில் தலை தெரிந்தபோது, பிரசவம் பார்த்த தமிழ் மிஸ்ஸி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது. "கொடி சுத்தியிருக்கு." அதே சொல்.  இந்தப் பிள்ளையும் போயிற்று, நானும் போய்விட்டால் நல்லது என்று நினைத்தேன். உள்ளபடி அப்படித்தான் நினைத்தேன். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் வீல் என்று ஓர் அழுகை. பெண் பிள்ளை. கழுத்திலிருந்த கொடியை எடுத்துவிட்டுவிட்டாள் அந்த மகராசி. பிள்ளையை என் பக்கத்தில் கிடத்தினாள். நான் பிள்ளையைவிடப் பெரிதாக அழுதேன்.

"கழுத்துல கொடியோட எத்தனையோ பிள்ளைங்க நல்லாப் பொறக்குதுங்க. பொறந்த பிள்ள அழுவணும், நீங்க ஏம்மா அழுவுறீங்க?"

அவளிடம் எப்படிச் சொல்வேன்? கொடி சுற்றிய எத்தனையோ பிள்ளைகள் பிழைக்கின்றன என்றால், என் பையன் மட்டும் ஏன் பிழைக்கவில்லை என்றுதான் அழுதேன்.

எல்லாம் திறந்து கிடந்த வீடு

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் உத்தரம் மொட்டையாக இருந்தது. ஒரு கூடை இல்லை. நடு வீட்டில் மஞ்சளும் சிவப்புமாக வயர் குவிந்து கிடந்தது, நெளிந்து, சுருண்டு, ஒன்றுக்கும் உதவாமல். முடிச்சிலிருந்து பிரித்த வயரை மறுபடி பின்ன முடியாது. மடிந்த இடமெல்லாம் அப்படியே நிற்கும்.

விஷயம் இதுதான். பிரசவ வலி இழுத்துக்கொண்டே போனால் வீட்டில் பூட்டியதைத் திறந்து, கட்டியதை அவிழ்த்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அப்போதுதான் பிள்ளைக்கு வழி கிடைக்குமாம். சாயங்காலம் வரை சேதி வராததால் அத்தை பெட்டியைத் திறந்தார், அலமாரியைத் திறந்தார், அரிசி மூட்டைக் கயிற்றை அவிழ்த்தார், தன் கொண்டையை அவிழ்த்தார். பக்கத்து வீட்டு ஆட்டையும் அவிழ்த்துவிட்டார், அது கிராணி வீட்டுப் பூச்செடியை மேய்ந்தது தனிக் கதை. அவிழ்க்க வேறொன்றும் இல்லை என்று நிமிர்ந்தபோது தலைக்குமேல் கூடைகள். வீடு நிறைய முடிச்சு. லயத்துப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்தார். பாக்கியம் தான் போட்டதைத் தானே பிரித்தாள். ஊசியும் குறடுமாக, விரல் கிழிந்து ரத்தம் வர, கடைசிக் கூடையை அத்தை பிரித்து முடிக்கவும் வீட்டுக்காரர் சேதியோடு வரவும் சரியாக இருந்ததாம்.

கோபப்பட வாயைத் திறந்தேன். அத்தையின் பத்து விரலிலும் துணி சுற்றியிருந்தது. அந்தக் கையோடு பேத்தியை வாங்கிக்கொண்டார். கொடி சுற்றியிருந்ததை வீட்டுக்காரர் முன்பே சொல்லியிருந்தார். என்னால் திட்டவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் முடியவில்லை. எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்கு இருந்தது.

"கிராணி வீட்டுக் கூடையில நீ போட்ட முடிச்சு சுத்திச்சு, நான் அவுத்த முடிச்சு காப்பாத்திச்சு. இதுக்கு மேல என்னத்தக் கேக்குற?"

கல்யாணம் நடந்தது

பாயின் முகத்தில் எப்படி விழிப்பது என்று எனக்கு ஒரே கவலை. வீட்டுக்காரரை அனுப்பிச் சேதி சொன்னதோடு சரி. பிள்ளைக்கு முப்பதாம் நாள் கழிந்ததும் நானே பஸ் ஏறிப் போனேன். என் கூடைகள் தொங்கிய இடத்தில் பிளாஸ்டிக் வாளிகள் தொங்கின. பாய் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார், கையில் ஒரு மிட்டாய்ப் பொட்டலம் வைத்தார். கல்யாணம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஏதாவது திட்டினால் தேவலை என்று நின்றேன். அவர் திட்டவில்லை. கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டு, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அது ஒண்ணும் ஆவல தங்கச்சி, பழத்த பிளாஸ்டிக் பையில போட்டுக் குடுத்துட்டாங்க. வந்தவங்க யாருக்கும் வித்தியாசமே தெரியல லா."

அவிழ்க்க ஒரு கூடை

தொழில் அத்தோடு படுத்துவிடும் என்று நினைத்தேன். நடந்தது வேறு. அத்தை கூடையைப் பிரித்ததும் பேத்தி பிழைத்ததும் சுற்றுவட்டாரத் தோட்டமெல்லாம் பரவிவிட்டது. மார்க்கெட் கூடை கேட்டு ஆள் வருவது குறைந்துபோனது. அதற்குப் பதிலாக, வீட்டில் மாசம் நெருங்கிய பெண் இருப்பவர்கள் வர ஆரம்பித்தார்கள். வலி கண்டால் பிரிப்பதற்கு ஒரு கூடை வேண்டுமாம். சாமானும் போடமாட்டார்கள், தூக்கவும் மாட்டார்கள். பிரித்து எறியத்தான் வாங்கினார்கள்.

இதற்கும் சம்பந்தமில்லை என்று முதலில் வந்தவர்களிடம் மிஸ்ஸி மாதிரியே டேப்பைச் சுற்றிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, சரி, கூடையைக் கொடு என்றார்கள். பிள்ளைக்குப் பால் மாவு வாங்க வேண்டியிருந்தது. நானும் கொடுத்தேன். மருமகளுக்கு இரண்டாவது பேறு நெருங்கியிருந்த அஞ்சலையம்மாவும் வந்தார். அழகான நீலக் கூடை ஒன்றை எடுத்துக் காட்டினேன். அவர் தலையாட்டி மறுத்தார்.

"சின்னதே போதும் சரசு, கைப்பிடிகூட வேணாம். எப்படியும் பிச்சுப் போடப்போறதுதானே?"

கெர்லிங்கிலிருந்து வந்தவன்

பாக்கியத்தின் தம்பி கெர்லிங்கில் ஒரு தோட்டத்தில் வேலை செய்தான். சாதுவான பிள்ளை. கல்யாணமாகி வருஷக்கணக்காகக் குழந்தை இல்லாமல் இருந்து, அப்போதுதான் பெண்டாட்டிக்கு மாசம் நெருங்கியிருந்தது. அக்கா சொன்னாள் என்று அவ்வளவு தூரம் மோட்டார் சைக்கிளில் வந்தான். அவனுக்கென்று நல்ல வயராகப் பார்த்து எடுத்து, அவன் காத்திருக்கும்போதே பின்னிக் கொடுத்தேன். பாக்கியத்தின் தம்பியாயிற்றே, கடனே என்று போட மனசு வரவில்லை. வரிசை வரிசையாக அழுத்தி இழுத்து, என்னால் முடிந்த அளவு நன்றாகப் போட்டேன். அவன் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

ஒரு மாசம் கழித்து வந்தான். ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை, முகமே சொன்னது. பாக்கியம் சுவரோடு சாய்ந்து நின்றாள். அவன் பையிலிருந்து அந்தக் கூடையை எடுத்து என் முன்னால் வைத்தான். பாதிவரை பிரிந்திருந்தது. அதற்குக் கீழே முடிச்சுகள் அப்படியே இருந்தன. என் மகள் தவழ்ந்து வந்து, தொங்கிய வயரைப் பிடித்து இழுத்து விளையாடினாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் குற்றம் சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்தான் என்று சொல்ல மாட்டேன். அவன் குரலில் துளிக் கோபமும் இல்லை.

"ஒங்க முடிச்சு ரொம்ப இறுக்கம்க்கா. பாதிதான் அவுக்க முடிஞ்சிச்சு, அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு."

முடிச்சுக்கும் பிள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று கேட்பவர்களிடமெல்லாம் இன்றும் அடித்துச் சொல்கிறேன், பிரசவத்துக்கென்று கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தியே போட்டுக் கொடுக்கிறேன்.